கேசா சுத்தம் செய்யாத மூலை

கேசா ஓல்சன் கை வைத்த கல்லறையில் புல்கூடத் தலைநீட்டப் பயப்படும் என்று லூபெக் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் பொய் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த வயதிலிருந்து ஊர்க் கல்லறைத்தோட்டம்தான் அவளுக்கு வேலை. வசந்தத்தில் பான்சி, கோடையில் பிகோனியா, குளிர் தொடங்கும்போது ஹீதர் என்று மாற்றி மாற்றி நடுவாள். நவம்பர் கடைசியில் மரித்தோர் ஞாயிறு வருகிறதே, அதற்கு முன்பே ஒவ்வொரு கல்லறை மேலும் ஊசியிலைக் கிளைகளை ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கி மூடிவிடுவாள். ஒரு கிளை கோணலாக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

விதவைப் பெண்கள் அவள் வேலையைப் பார்த்துவிட்டு, "நான் போனா என்னையும் உன் கையிலதான் விடணும் கேசா" என்பார்கள்.

"அவசரப்படாதீங்க. இந்த வாரம் எனக்கு வேலை ஜாஸ்தி" என்பாள் அவள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவன் ஒருவன் உண்டு. அவன் சேற்றுப் பூட்ஸோடு சமையலறைக்குள் வந்து நின்றானாம். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. தோழி டோர்தே சந்தையில் மீன் விற்கிறவள், வாயும் சந்தை வாய்தான். "தரை காயறதுக்குள்ள மாப்பிள்ளையைத் துரத்திட்டா" என்று அந்தக் கதையை இன்றைக்கும் சொல்லுவாள்.

கேசாவோடு இருந்தது தம்பி ஹாரோ மட்டும். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். நெருப்புப் பொறிக்கு நடுவே பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தவன். தளத்தை மூடினார்கள். அதன் பிறகு அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று கிடைத்ததைச் செய்தான். பிறகு அதுவும் கிடைக்கவில்லை. மனைவி சண்டை போடாமல், கதவைக்கூட அறையாமல், மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். ஹாரோ ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்து, "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்" என்றான். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை.

சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். கேசா தட்டைக் கதவருகே வைப்பாள். பாதி தின்ற தட்டு திரும்பி வரும். அவளுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. சமையலறைக் கத்திகளை ஒரு நாள் எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ரொட்டி அறுக்க வேண்டும் என்றால் பூட்டைத் திறந்து எடுப்பாள். "ஆண்டவரே, அவனை எழுப்பும்" என்று காலையும் மாலையும் ஜெபித்தாள். ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி ஆண்டவருக்கே அலுத்திருக்கும் என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

லூபெக்கில் செத்தவருக்கும் இடம் வாடகைதான். தவணை முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் கல்லைப் பெயர்த்துவிடுவார்கள். ரயில் பாதை ஓரத்தில் ஒரு மூலை முழுக்க அப்படிக் காலியாகிப்போனது. ஒரு நாள் போதகர் ஹென்னிங் ஐயா கேசாவைக் கூப்பிட்டார்.

"கேசா, அந்த மூலையில இனி நீ கை வைக்க வேண்டாம்."

"ஏன் ஐயா, என் வேலையில ஏதாவது குறையா?"

"குறையே இல்ல, அதுதான் குறை. ஊர்ல தேனீக்கு ஒரு வாய் சாப்பாடு இல்லையாம். நாம வெக்கிற பிகோனியா எல்லாம் வெறும் இதழ்தான், உள்ள ஒண்ணும் கிடையாது. கடைக்கண்ணாடியில வெச்ச மெழுகு கேக் மாதிரின்னு வெச்சுக்கோயேன். அங்க காட்டு விதை தூவுவோம். வளரட்டும், பூக்கட்டும், காயட்டும். காஞ்சதையும் வெட்டாதே."

"காஞ்சதையுமா!" என்றாள் கேசா. ஐயா ஏதோ பாவம் செய்யச் சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு.

விதை தூவினார்கள். முதல் வருஷம் மஞ்சளும் நீலமுமாக ஏதோ படர்ந்தது. மறு வருஷம் ஆள் உயரத்துக்கு ராஜமெழுகுவத்திச் செடிகள் எழுந்து நின்றன. பஞ்சு மாதிரி இலை, நுனி வரைக்கும் மஞ்சள் பூ. பூ முடிந்து குளிர் வந்ததும் தண்டுகள் கறுத்துக் காய்ந்து, எரிந்துபோன வீட்டுத் தூண்கள் மாதிரி நின்றன. அந்த வழியாகப் போகிறவர்கள் கேசாவிடம், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். டோர்தே சும்மா இருப்பாளா? "கேசாவுக்கு வயசாயிடுச்சு, களை எது பூ எதுன்னு தெரியலை" என்றாள். கேசா தலையைக் குனிந்துகொண்டு அந்த மூலையைக் கடந்து போவாள். கை துறுதுறுக்கும். கையைப் பையில் போட்டுக்கொள்வாள்.

அடுத்த கோடையில் அந்த மூலையில் இருந்த கைப்பம்பு உடைந்தது. ஆள் வர நாளாகும் என்றார்கள். கேசா தம்பியின் கதவைத் தட்டினாள்.

"ஹாரோ, ஒரு பம்பு. உனக்கு அஞ்சு நிமிஷ வேலைடா."

"முடியாது."

மறுநாளும் கேட்டாள். "முடியாது." அதற்கு மறுநாள் அவள் கேட்கவில்லை. தண்ணீர் வாளிகளைத் தூரத்திலிருந்து சுமந்து முதுகு பிடித்துக்கொண்டு வந்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து முனகினாள். உண்மையாகவே வலித்தது. கொஞ்சம் சத்தமாகவும் முனகினாள், ஆண்டவர் மன்னிக்கட்டும். அடுத்த நாள் காலை ஹாரோ பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். வெயிலுக்குக் கண் கூசியது அவனுக்கு.

பம்பைச் சரி செய்தான். செய்துவிட்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கேசா இரண்டு கல்லறை முடித்துவிட்டு வந்து பார்த்தால், அவன் ஒரு காய்ந்த தண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேசா, இங்க வா. சத்தம் போடாம வா."

தண்டு மேலே முறிந்திருந்தது. முறிந்த வாயில் ஒரு சின்னக் கறுத்த தேனீ. எறும்பைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பின்பக்கமாக வெளியே வந்து வெள்ளைத் தூளைத் தள்ளிவிட்டு மறுபடி உள்ளே போனது. தூள் காற்றில் பறந்தது.

"குடையுது பாரு. தண்டுக்குள்ள இருக்கற பஞ்சுச் சோத்தை எல்லாம் வெளிய தள்ளிட்டு வீடு கட்டுது. சுவரை ஒரு இடத்துலயும் தொடல. நான் குழாய்ல இப்படி ஒரு வேலை செஞ்சதில்ல" என்றான் ஹாரோ. அவன் இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து தினமும் வந்தான். முதலில் மதியம், பிறகு காலையிலேயே. ஒரு நாள் தாடியை மழித்துக்கொண்டு வந்தான். கன்னத்தில் இரண்டு இடத்தில் ரத்தம். வழியில் அவனே ரொட்டி வாங்கினான். புத்தகம் எதுவும் படிக்கவில்லை. உட்கார்ந்து பார்த்தான், அவ்வளவுதான். விதை தூவும்போது சொல்லிக்கொடுத்த நகராட்சி அம்மா எப்போதாவது வருவாள். அவளிடம் இரண்டு வார்த்தை கேட்டுக்கொண்டான். மாலையில் உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டே அக்காவுக்குச் சொல்லுவான். அதற்குள் கத்தி சமையலறைக்குத் திரும்பி வந்திருந்தது. எப்போது எடுத்து வைத்தாள் என்று கேசாவுக்கே நினைவில்லை.

"ஒரு தண்டுக்குள்ள ஒண்ணுக்கு மேல ஒண்ணா அறை. அறைக்கு ஒரு முட்டை. பக்கத்துல மகரந்தத்தை உருட்டி வெச்சுடறா. அப்புறம் கதவு. கடைசிக் கதவைச் சாத்திட்டு அவ செத்துப்போறா."

"பிள்ளைங்களை யார் பாத்துக்கறது?"

"யாரும் இல்ல. சோறு இருக்கு, கதவு இருக்கு. பனி பெஞ்சாலும் அந்தத் தண்டுலயே கிடக்கும். வர்ற கோடையில தானே கதவைத் தின்னுட்டு வெளிய வரும்." உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டான். "அது வரைக்கும் இருந்து பாக்கணும்."

இருந்து பாக்கணும் என்று அவன் வாயிலிருந்து வந்ததும் கேசா சட்டென்று எழுந்து குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். அவளுக்கு அந்தத் தேனீக்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தக் கறுத்த தண்டுகளுக்குள் தன் தம்பியும் படுத்துக்கொண்டு கோடைக்குக் காத்திருக்கிறான் என்று மட்டும் தெரிந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தம்பி சீக்காளி என்று ஊருக்குத் தெரியும். எதனால் எழுந்தான் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று பயந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நவம்பரில் கேசாவுக்கு வயிற்றுவலி வந்தது. பித்தப்பையில் கல். உடனே அறுத்தாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். மரித்தோர் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கவலை எல்லாம் மற்ற கல்லறைகளைப் பற்றித்தான். "மூலையைப் பாத்துக்கோடா" என்று பேச்சுக்குச் சொன்னாள்.

"பாக்க என்ன இருக்கு, அதுபாட்டுக்கு நிக்குது" என்றான் ஹாரோ. அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளை வீட்டுக்கு விட்டார்கள். டோர்தே தன் மீன் வண்டியில் வந்து கூட்டிக்கொண்டு போனாள். நேரே கோயிலுக்கு. அந்த வருஷம் மரித்தவர்களின் பெயரை ஐயா ஒவ்வொன்றாக வாசித்தார்; ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்கள். முடிந்ததும் டோர்தேயும் கோயில் பெண்கள் சிலரும் கேசாவைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லார் முகத்திலும் ஒரு கள்ளச் சிரிப்பு.

"கல்லறைக்கு வா. உனக்கு ஒண்ணு காட்டணும்."

"எனக்கு நடக்க முடியலை டோர்தே."

"நாங்க தூக்கிட்டுப் போறோம். மீன் பெட்டி தூக்கற கைதான் இது, வா."

ரயில் பாதை மூலைக்கு வந்ததும் டோர்தே அவள் கண்ணைப் பொத்தினாள். கையில் மீன் வாடையும் சோப்பு வாடையும் கலந்து அடித்தது. பிறகு கையை எடுத்தாள்.

மூலை சுத்தமாக இருந்தது. ஒரு தண்டு இல்லை, ஒரு சருகு இல்லை. மண்ணை வாரி, சமன் செய்து, அதன் மேல் ஊசியிலைக் கிளைகளை வரிசையாக, கோணல் இல்லாமல், கேசாவே அடுக்கின மாதிரி அடுக்கியிருந்தார்கள். நடுவில் சிவப்பு விளக்குகள். தூறலில் அவை மங்கலாக எரிந்தன.

"ஒத்தை ஆளா நீ என்ன பண்ணுவ? மரித்தோர் ஞாயிறு அன்னைக்கு உன் மூலை மட்டும் பேய்க்காடு மாதிரி கிடந்தா உனக்குத்தானே கெட்ட பேரு? ஐயாகிட்டகூட கேக்கல. கேட்டா தேனீ கீனீன்னு ஆரம்பிப்பாரு. பூ எல்லாம் கருகிப்போச்சு, இனி தேனீக்கு அங்க என்ன வேலை? புதன்கிழமை நாள் முழுக்கச் செஞ்சோம். என் இடுப்பே போச்சு" என்றாள் டோர்தே.

"தண்டெல்லாம் எங்கே?"

"எல்லாத்தையும் கட்டி வண்டியில ஏத்தியாச்சு. இந்நேரம் அரைச்சே போட்டிருப்பாங்க. உனக்கு ஒரு குச்சி பொறுக்கற வேலைகூட இல்ல."

எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்பினால் செய்தவர்கள். குளிரில் விரல் வெடிக்க வெடிக்கச் செய்தவர்கள். கேசா அவர்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "ரொம்ப நன்றி. ஆண்டவர் உங்களை ஆசீர்வதிக்கட்டும்" என்றாள். அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. அறுவை செய்த இடம் வலிக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் ஹாரோவின் கதவு சாத்தியிருந்தது. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. கேசா கோட்டைக் கழற்றாமல் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஹாரோ. நான் பாத்துட்டேன்டா."

சுவரைப் பார்த்துப் பேசுகிற குரல்.

"நான் அங்கதான் இருந்தேன்."

"எப்போ?"

"அவங்க வெட்டும்போது."

"ஏன்டா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்களே!"

"வாயத் திறந்தேன். வரல. எல்லாரும் சிரிச்சுப் பேசிட்டு இருந்தாங்க. உன் பேரைச் சொல்லிச் சொல்லி வெட்டினாங்க. டோர்தே வந்து காபி நீட்டினா. வாங்கிக் குடிச்சேன் கேசா. அவங்க வெட்ட வெட்ட நான் நின்னு காபி குடிச்சேன். அப்புறம் வண்டி பின்னால பாலம் வரைக்கும் நடந்தேன். வண்டி போயிடுச்சு."

கேசா எழுந்து சமையலறைக்குப் போனாள். கத்தியை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அந்தக் குளிர்காலம் நீளமாக இருந்தது. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பனிகூடப் பெய்யவில்லை, வெறும் மழை. கிறிஸ்துமஸுக்குக் கீரையும் சாசேஜும் சமைத்தாள். தட்டு அப்படியே திரும்பி வந்தது. அவள் ஜெபத்தில் வார்த்தைகள் குறைந்துகொண்டே போயின. கடைசியில் முழங்காலில் நின்று "ஆண்டவரே" என்பாள், அதற்கு மேல் வராது. தம்பிக்கு வார்த்தை வராமல் போன மாதிரிதான் தனக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

டோர்தே வந்து வந்து பார்த்தாள். கேசா காபி கொடுத்தாள், பேச்சுக் கொடுக்கவில்லை. ஒரு நாள் டோர்தே கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, "நான் என்ன தப்பு பண்ணினேன்னு சொல்லு. இல்லேன்னா இங்கயே உக்காந்திருக்கேன், மீன் அழுகட்டும்" என்றாள். கேசா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டிய அலமாரியையும் சொன்னாள்.

சந்தை முழுக்கக் கேட்கிற அந்த வாய்க்கு அன்று ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. எழுந்து ஹாரோவின் கதவுக்குப் போனாள். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"ஹாரோ, நான்தான் வெட்டினேன். அருவாளை எடுத்துட்டு வந்ததே நான்தான். என்னைத் திட்டுப்பா. கத்து. எதையாவது எடுத்து என் மேல எறி."

உள்ளேயிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "உன் காபி நல்லாத்தான் இருந்துச்சு டோர்தே."

டோர்தே மாடிப்படியில் உட்கார்ந்து ஏப்ரனில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் திட்டியிருந்தால் தேவலை.

கோடை வந்தது. மூலையில் மஞ்சள் பூ பூத்தது. பெரிய பஞ்சுத் தேனீக்கள் வந்தன. மண்ணில் பொந்து வைக்கிறவை சில வந்தன. கேசா வேலை முடிந்து தினமும் அந்தக் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து பார்த்தாள். எறும்பைவிடக் கொஞ்சம் பெரிசான அந்தக் கறுப்பி மட்டும் வரவில்லை. கண் சரியில்லையோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வரவில்லை.

ஒரு மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து ஹாரோ கேட்டான். "வந்துச்சா?"

எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவன் கேட்ட ஒரே கேள்வி. ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். நாளைக்கே அவன் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வருவான். வந்து பார்த்தால்? கேசா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாக்கு நுனி வரைக்கும் வந்த பொய்யை விழுங்கினாள்.

"இல்லடா. வரல."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவ்வளவுதான். கேசா அன்று படுக்கவில்லை. தன் உண்மையால் தம்பியைக் கொன்றுவிட்டேனோ என்று விடிகிற வரைக்கும் அவன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வார முடிவில் டோர்தேயும் கோயில் பெண்களும் மூலைக்கு வந்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டு. முட்புதர்களிலும், ஊர் வெளித் தோட்டங்களிலும், ரயில் பாதைச் சரிவிலும் தேடித் தேடிப் பொறுக்கின காய்ந்த தண்டுகள். ஒருத்தி ரிப்பன் வேறு கட்டியிருந்தாள். அவற்றை மண்ணில் குத்தி நட்டார்கள். அவரைக்காய்ப் பந்தலுக்குக் கொம்பு நட்ட மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை, வழக்கம்போல் பேசவும் இல்லை. எல்லாம் வெறும் தண்டு. உள்ளே ஒன்றும் கிடையாது. வேறெங்கிருந்தோ ஒரு கறுப்பி வழி தவறி வந்தால்தான் உண்டு. வருமா என்று நகராட்சி அம்மாவைக் கேட்டார்கள். "தெரியலை. வரலாம். வராமலும் போகலாம்" என்றாள் அவள்.

கேசா வீட்டுக்கு வந்து கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டாள்.

"அவங்க எல்லாரும் சேர்ந்து தண்டு நட்டிருக்காங்கடா. புதுசா."

அவள் எழுந்திருக்கப் போனாள்.

"தலைகீழா நட்டிருப்பாங்க" என்றான் ஹாரோ.

கேசா யோசித்துப் பார்த்தாள். "ரெண்டு மூணு அப்படித்தான் இருக்கு."

"நிமித்தி வை."

"நீ வந்து வை."

மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ வானொலியை நிறுத்தினார்கள். கேசா கதவுப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அசையவில்லை.

"இன்னிக்கு முடியாது" என்றான் ஹாரோ.

"சரி" என்றாள் அவள்.

மறுநாள் அவள் தனியாகத்தான் போனாள். மூலையில் நின்று அந்தத் தண்டுகளைப் பார்த்தாள். மெலிந்த நுனி மண்ணுக்குள்ளும் தடித்த அடி வானத்துக்குமாக மூன்று, ரிப்பனோடு ஈரத்தில் நின்றன. குனிந்து கை நீட்டியவள் நீட்டின கையை மடக்கிக்கொண்டு, மற்ற கல்லறைகளைப் பார்க்கப் போனாள்.